பூவாயி வகையறா டாட் காம்

தீனதயாளன்: நீ சுத்தி வளைக்காத பாப்பா. பேரு நான் முடிவு பண்ணிட்டுத்தான் வந்துகீறேன். அத்த எனக்கு வாங்கிக் குடு. அவ்ளோதான் வேல.

ஜெயப்பிரியா: வாங்கலாம் சித்தப்பா. மொதல்ல உக்காருங்க. செருப்பக் கழட்டாமயே டொமைன் வாங்குற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்.

தீனதயாளன்: இன்னாது அது?

ஜெயப்பிரியா: டொமைன். வெப்சைட்டோட பேருக்கு அதான் பேரு.

தீனதயாளன்: பேருக்கே ஒரு பேரா. சரி வுடு. சிறுசேரில பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் நீ செஞ்சி குடுக்குறியாம், உங்க அம்மா சொன்னாங்க. நம்ம கோயிலுக்கு ஒண்ணு ஆவாதா?

விஜயகுமாரி: எப்ப சொன்னேன் தம்பி, அவரு தெவசத்துக்கு நீ வந்தப்பவா? அதுக்கப்பறம் கூடுவாஞ்சேரி பக்கமே உன்னக் காணோமே.

தீனதயாளன்: கும்பாபிஷேக வேல அண்ணி. பச்சையம்மன் கூப்புட்டு வேல குடுத்தா சும்மா கெடக்க முடியுமா? தலைவர்னு ஒரு பட்டத்தக் கட்டிட்டானுங்க. ஊருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் அலைஞ்சிகினே கீறேன். என் லாரிங்க எங்க மணல ஏத்துது, எங்க எறக்குதுன்னு எனக்கே தெரியல.

விஜயகுமாரி: டீ போடவா?

தீனதயாளன்: போடுங்க. சர்க்கர தூக்கலா வேணாம்.

விஜயகுமாரி: தெரியும். உங்க அண்ணனுக்கு இருந்ததுதான உனக்கும்.

ஜெயப்பிரியா: என்ன பேரு யோசிச்சீங்க?

தீனதயாளன்: யோசிக்கல. முடிவே பண்ணிட்டேன். பூவாயி வகையறா டாட் காம்.

ஜெயப்பிரியா: ...நீளமா இருக்கே.

தீனதயாளன்: நம்ம குடும்பமே நீளந்தான. பாலாத்துக்கு அந்தாண்ட பாதி, இந்தாண்ட பாதி, துபாய்ல ஒரு பத்து தலைங்க. எல்லாம் பூவாயி பெத்த வயித்துல வந்ததுங்க.

ஜெயப்பிரியா: குடும்பம் நீளமா இருக்கலாம். பேரு நீளமா இருந்தா போன்ல அடிக்கிறவங்க நடுவுல எங்கயாவது தப்பு பண்ணுவாங்க. ஒரு சோதனை இருக்கு சித்தப்பா. நல்ல பேரா இல்லயான்னு கண்டுபிடிக்க. யாருக்காவது போன் போட்டு அந்தப் பேர ஒரே ஒரு தடவ சொல்லணும். அவங்க திருப்பிக் கேக்காம சரியா அடிச்சிட்டா நல்ல பேரு.

தீனதயாளன்: இப்பவே சோதிப்போம். அண்ணி, பூவாயி வகையறா டாட் காம். போன்ல அடிங்க பாப்போம்.

விஜயகுமாரி: எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம். பால் பொங்குது.

தீனதயாளன்: பாத்தியா, பால் வேல வந்திட்ச்சி.

ஜெயப்பிரியா: வகையறாவ இங்கிலீஷ்ல நாலு பேரு நாலு விதமா எழுதுவாங்க. அதுக்குத்தான் சின்னதா, ஒரே விதமா எழுதற மாதிரி பேரு நல்லதுங்குறேன். வெறும் பூவாயி டாட் இன். எப்படி இருக்கு?

தீனதயாளன்: வேணாம்.

ஜெயப்பிரியா: ஏன்?

தீனதயாளன்: வேணாம்னா வேணாம். டாட் காம்தான் வேணும்.

ஜெயப்பிரியா: டாட் இன் கூட அதே மாதிரிதான் வேல செய்யும். நம்ம நாட்டுக்குன்னு இருக்குறது. கோயில்தான, கம்பெனியா—

தீனதயாளன்: நீ எனக்கு அடிப்படையச் சொல்லு. இந்தப் பேரு எப்படி வேல செய்யுது? அத்த சொல்லு.

ஜெயப்பிரியா: நெஜமாவே கேக்குறீங்களா?

விஜயகுமாரி: கேக்காத தம்பி. ஆரம்பிச்சான்னா டீ ஆறிடும்.

ஜெயப்பிரியா: அம்மா, நீ சும்மா இரு. சித்தப்பா, உங்க போன்ல என் நம்பர என்னன்னு போட்டு வெச்சிருக்கீங்க?

தீனதயாளன்: அண்ணன் பொண்ணுன்னு.

ஜெயப்பிரியா: என் நம்பரச் சொல்லுங்க.

தீனதயாளன்: அது யாருக்குத் தெரியும்? பேரத் தொட்டா நீ எடுக்கப் போற.

ஜெயப்பிரியா: அவ்ளோதான் டொமைன். வெப்சைட்டுன்னா எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்குற பக்கங்க. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் இருக்கும். நம்பர யாரும் ஞாபகம் வெச்சிக்க மாட்டாங்க. அதனால அதுக்கு ஒரு பேரு. பேர அடிச்சா, இந்தப் பேருக்கு எந்த நம்பருன்னு ஒரு எடத்துல கேட்டு, அங்க கொண்டு போய் வுடும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள இதெல்லாம் நடந்துடும்.

தீனதயாளன்: பரவால்லியே.

ஜெயப்பிரியா: ஒரே ஒரு வித்தியாசம். உங்க போன்ல நான் அண்ணன் பொண்ணு. லட்சுமணன் பெரியப்பா போன்ல வேற பேர்ல இருப்பேன். அவரவர் போன்ல அவரவர் இஷ்டம். இது அப்படி இல்ல. உலகத்துக்கே சேத்து ஒரே போன்புக். ஒரு பேரு ஒருத்தருக்குத்தான்.

தீனதயாளன்: ரெண்டு பேரு அதே பேரக் கேட்டா?

ஜெயப்பிரியா: யாரு மொதல்ல வாங்குறாங்களோ அவங்களுக்கு.

தீனதயாளன்: பெரியவங்க சின்னவங்க, மூத்த தாரத்துப் புள்ள, எளைய தாரத்துப் புள்ள... ஒண்ணுமே பாக்க மாட்டானா?

ஜெயப்பிரியா: மாட்டாங்க. பதிவு பண்ண கம்பெனி பேருன்னா கேஸ் போடலாம். நம்ம வகையறாவ எங்கயும் பதிவு பண்ணல. அதனால மொதல்ல வந்தவங்களுக்குத்தான்.

தீனதயாளன்: இது ரொம்ப நல்ல சட்டமா கீதே. எனக்குப் புடிச்சிருக்குது. மொத மரியாத எனக்கா உனக்கான்னு நம்ம பங்காளி அந்த லட்சுமணன் எத்தினி வருசமா மல்லுக்கு நின்னுகினு கீறான். இங்க பேச்சே இல்ல. மொதல்ல போனவன் கட்டிகினு வந்துடலாம் பரிவட்டம். போடு பாப்பா. அவன் காதுல வுழறதுக்குள்ள போட்டுடு.

விஜயகுமாரி: லட்சுமணன் மாமாவா? அவரு யூட்டியூப்ல கோயில் வேலைய எல்லாம் படம் புடிச்சிப் போடுறாராமே. நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க.

தீனதயாளன்: யார் சொன்னது? அவன் எடுக்குற வீடியோவுல பச்சையம்மன் ஓரமா கீறா. இவன் மூஞ்சிதான் நடுவுல கீது. அதுக்குத்தான் அண்ணி இந்த வெப்சைட்டே. கும்பாபிஷேகம் ஆவணில என்னிக்கு, எந்த பஸ், எங்க எறங்கணும், கோயில் வரி எப்படி கட்டணும், எல்லாம் அதுல போட்டுடணும். எவனும் எவன் வீடியோவையும் பாக்க வேண்டியதில்ல. டீ எங்க?

விஜயகுமாரி: இந்தா, புடி. சூடு.

ஜெயப்பிரியா: வாங்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு தெரிஞ்சிக்கணும் சித்தப்பா. வாங்குறதுன்னு சொல்றோமே ஒழிய, நெலம் வாங்குற மாதிரி இல்ல. கோயில் நெலத்தக் குத்தகைக்கு எடுக்குற மாதிரி. ஒரு வருசம், ரெண்டு வருசம்னு எடுக்கலாம். முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும்.

தீனதயாளன்: புதுப்பிக்கலன்னா?

ஜெயப்பிரியா: கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பாங்க. ஞாபகப்படுத்துவாங்க. அப்பறம் எடுத்து மறுபடி கடையில வெச்சிடுவாங்க. யாரு வேணா எடுத்துக்கலாம்.

தீனதயாளன்: அப்ப வாய்தா தவறவே கூடாது.

ஜெயப்பிரியா: கூடாது. அதவிட முக்கியம், யாரு பேர்ல, யாரு போன் நம்பர்ல பதிவு ஆயிருக்குதுன்றது. அந்தப் போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். நெறைய பேரு இங்கதான் ஏமாந்து போறாங்க. கடைக்குப் பேரு வெப்பாங்க, போர்டு மாட்டுவாங்க, விசிட்டிங் கார்டு அடிப்பாங்க. டொமைன மட்டும் செஞ்சி குடுத்தவன் பேர்ல வுட்டுடுவாங்க. நாளைக்கு அவன் தர மாட்டேன்னா அவ்ளோதான்.

தீனதயாளன்: என் பேர்ல போடு. என் நம்பர்ல. நான் தலைவரு.

ஜெயப்பிரியா: சரி. இருக்குதான்னு பாக்குறேன்... பூவாயி... வகையறா... டாட் காம்.

தீனதயாளன்: இன்னா சொல்லுது?

ஜெயப்பிரியா: இல்ல சித்தப்பா.

தீனதயாளன்: இல்லன்னா... யாரும் வாங்கல, நம்ம எடுத்துக்கலாம்னுதான?

ஜெயப்பிரியா: நமக்கு இல்லன்னு. யாரோ எடுத்துட்டாங்க.

தீனதயாளன்: வெளையாடாத.

ஜெயப்பிரியா: நீங்களே பாருங்க. செவப்புல எழுதியிருக்கா.

தீனதயாளன்: யாரு எடுப்பாங்க? பூவாயி நம்ம ஆத்தா. அவ பேரு அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு?

விஜயகுமாரி: அமெரிக்காலயும் ஒரு பூவாயி இருந்துட்டுப் போறா, தம்பி.

தீனதயாளன்: வகையறாவுமா அண்ணி அங்க இருக்கும்? ...எப்ப எடுத்தான்னு தெரியுமா?

ஜெயப்பிரியா: தெரியும். எடுத்த தேதி எல்லாரும் பாக்கலாம். போன மாசம்.

தீனதயாளன்: போன மாசமா. லட்சுமணன். வேற எவனும் இல்ல.

ஜெயப்பிரியா: பேரு மறைச்சி வெச்சிருக்காங்க. யாருன்னு தெரியாது. ஏன் அவரா இருக்கணும்? இந்தப் பேரு நீங்க வெச்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? யார்கிட்டயாவது சொன்னீங்களா?

தீனதயாளன்: ...இல்ல.

ஜெயப்பிரியா: எங்கயாவது எழுதி வெச்சீங்களா?

தீனதயாளன்: இல்லன்றேன்ல.

ஜெயப்பிரியா: அப்ப கவலயே வேணாம். வேற நல்ல பேரு எடுத்துக்கலாம். பூவாயி டாட் இன் இன்னும் இருக்கு. பூவாயி குடும்பம் டாட் காம் இருக்கு. பச்சையம்மன் பூவாயின்னு போட்டாலும் இருக்கு. இது அழகா இருக்கு பாருங்க, சாமியும் வந்துடுச்சி.

தீனதயாளன்: வேணாம்.

ஜெயப்பிரியா: பூவாயிக்கும் வகையறாவுக்கும் நடுவுல ஒரு சின்ன கோடு போட்டு எடுக்கலாம். ஆனா வாயால சொல்லும்போது கோட சொல்ல மறந்துடுவாங்க. அது நல்லதில்ல.

தீனதயாளன்: கோடும் ஆவாது.

ஜெயப்பிரியா: அதே பேருக்கு டாட் இன்?

தீனதயாளன்: ஆவாதும்மா.

விஜயகுமாரி: ஏன் தம்பி ஆவாது? புள்ளைக்கு நெனச்ச பேரு கெடைக்கலன்னா வேற பேரு வெக்கலாமே. அது இன்னும் பொறக்கவே இல்லியே.

தீனதயாளன்: பொறந்திட்ச்சி அண்ணி.

ஜெயப்பிரியா: புரியல.

தீனதயாளன்: ...கல்லுல வெட்டியாச்சி.

ஜெயப்பிரியா: எதுல?

தீனதயாளன்: கல்லுல. மாமல்லபுரத்துல. கும்பாபிஷேகக் கல்வெட்டு. ஆளு ஒசரம், கருங்கல்லு, கண்ணாடி மாதிரி பாலீஷு. மேல பச்சையம்மன் துணை. அப்பறம் தலைவர் பேரு. அப்பறம் தலைக்கட்டுங்க பேரு, வரி கட்டுற வூட்டுக்கு ஒண்ணா, வரிசையா. கடைசில அடியில... டாட் காமு.

விஜயகுமாரி: வெப்சைட்ட கல்லுல வெட்டினியா?

தீனதயாளன்: காலத்துக்கும் இருக்கணும்னு நெனச்சேன் அண்ணி. நாளைக்கு நம்ம பேரப் புள்ளைங்க வந்து பாத்தா—

ஜெயப்பிரியா: வாங்குறதுக்கு முன்னாடியேவா சித்தப்பா?

தீனதயாளன்: வாங்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஆத்தா பேரு. என் வகையறா. என் கோயில். இதுல எவன்கிட்ட போய் நான் வாங்குறது? லாரிக்குப் பேரு எழுதினேன், எவன்கிட்டயும் கேக்கல. வூட்டு மேல பேரு எழுதினேன், கேக்கல. பேரு வெச்சா வெச்சதுதான். அப்பறம் உன்கிட்ட வந்து, பாப்பா இதான் பேரு, கம்ப்யூட்டர்ல ஏத்திடுன்னு சொன்னா ஏத்திடுவன்னு நெனச்சேன்.

ஜெயப்பிரியா: குத்தகை வருசக் கணக்குல. நீங்க அதப் போய்...

தீனதயாளன்: அதான் கேட்டுகினேன், வாய்தா தவறக் கூடாதுன்னு. டீ உள்ள எறங்கல பாப்பா அதுக்கப்பறம்.

விஜயகுமாரி: அந்த ஒரு வரிய மட்டும் செதுக்கி எடுத்துட்டு வேற வெட்டச் சொல்லேன்.

தீனதயாளன்: பாலீஷு போயிடும். பள்ளம் வுழும். ஒட்டுப் போட்ட கல்ல கோயில்ல வெச்சா பின்னம்னு குருக்களே ஒத்துக்க மாட்டாரு. லட்சுமணன் அத்தையும் யூட்டியூப்ல போடுவான். கல்லு இப்ப வெட்டுறவன் பட்டறை வாசல்ல வெளியதான் நிக்குது, ஈ.சி.ஆர்ல போற வர்றவன்லாம் பாக்குற மாதிரி. அவனும் பாத்திருப்பான். பாத்துட்டு ஓடிப் போய் எடுத்திருக்கான்.

விஜயகுமாரி: தலைக்கட்டுங்க பேரெல்லாம் வெட்டினேன்னு சொன்னியே, தம்பி.

தீனதயாளன்: ஆமா அண்ணி. ஒண்ணு வுடல.

விஜயகுமாரி: எங்க வூடு?

தீனதயாளன்: உங்க வூடு... அண்ணன் இல்லியே அண்ணி. செத்தவங்க பேரு கும்பாபிஷேகக் கல்லுல கூடாதுன்னுட்டாங்க. உங்களத் தனியாவா வுட்டேன்? என் தலைக்கட்டுல சேத்துட்டேன். வரி உங்களுக்கும் சேத்து நானே கட்டிட்டேன்.

விஜயகுமாரி: நான் கட்டச் சொல்லலியே.

தீனதயாளன்: நமக்குள்ள இன்னா அண்ணி அதுல—

விஜயகுமாரி: அவரு இருந்த வரைக்கும் வருசா வருசம் ஆளு வருவான். வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்புடுவான். வரி வாங்கிகினு போவான். திருவிழா முடிஞ்சா அதே பேரு சொல்லிக் கூப்புட்டுப் பங்கு குடுப்பான். இந்த ரெண்டு வருசமா எங்க தெருவுக்கு வர்றான். பக்கத்து வூட்டு ராமச்சந்திரன் மாமாவக் கூப்புடுறான். எங்க கதவத் தாண்டிப் போறான்.

தீனதயாளன்: பங்கு நான் அனுப்புனேனே.

விஜயகுமாரி: உன் பேரு சொல்லிக் குடுத்த பங்குல பாதி அனுப்புன.

தீனதயாளன்: ஆம்பள இல்லாத வூட்டுக்குத் தலைக்கட்டு கெடயாது அண்ணி. நானா வெச்சேன் வழக்கத்த?

விஜயகுமாரி: பூவாயி புருசன் செத்துத்தான மூணு புள்ளைய இடுப்புலயும் கையிலயுமா புடிச்சிகினு ஆத்தத் தாண்டி வந்தா. அவ தலைய எவன் கட்டினான்?

தீனதயாளன்: அது அந்தக் காலம். ...அண்ணி, நான் இங்க கல்லு முழுங்கின மாதிரி உக்காந்துகினு கீறேன். இப்ப போயி இத்தப் பேசறீங்களே. பாப்பா, ஒரு வழி சொல்லு. அவன் வாய்தா எப்ப முடியுது?

ஜெயப்பிரியா: அடுத்த வருசம்.

தீனதயாளன்: அவன் மறந்துட்டான்னா?

ஜெயப்பிரியா: மறந்தா எடுக்கலாம். ஆனா கும்பாபிஷேகம் இந்த ஆவணில.

தீனதயாளன்: அப்ப வெல பேசலாமா? எவ்ளோ கேட்டாலும் தூக்கிப் போட்டுடுறேன்.

விஜயகுமாரி: டப்பு வேணாம்னு சொன்னா?

தீனதயாளன்: டப்பு வேணாம்னு எவன் சொல்லுவான்?

ஜெயப்பிரியா: இருங்க, இருங்க. வெலைக்கு வாங்கித்தான் ஆவணும்னு இல்ல. இன்னொரு வழி இருக்கு. பேரு ஒருத்தர்கிட்ட இருக்கலாம், சைட்டு இன்னொருத்தருது. போன்புக்குல பேருக்கு நேரா ஒரு நம்பர் இருக்கும்னு சொன்னேன்ல? அந்த நம்பர மாத்துற உரிமை பேரு யாருதோ அவங்களுக்கு. அவங்க நம்ம சைட்டோட நம்பரப் போட்டா போதும். கல்லுல இருக்குறத அடிச்சா நேரா நம்ம பக்கத்துக்கு வந்துடும். பாக்குறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

தீனதயாளன்: பேரு அவன் கையிலயே இருக்குமா?

ஜெயப்பிரியா: இருக்கும்.

தீனதயாளன்: வேற எங்கயாவது திருப்பி வுட்டான்னா?

ஜெயப்பிரியா: வுடலாம். அதனால அவங்கள சந்தோசமா வெச்சிக்கணும்.

தீனதயாளன்: லட்சுமணன நான் சந்தோசமா வெச்சிக்கணுமா. அதுக்குக் கல்லோட பாலாத்துல எறங்கிடுவேன்.

விஜயகுமாரி: பாலாத்துல தண்ணி எங்க இருக்குது? வெறும் மணலு. அதையும் உன்ன மாதிரி ஆளுங்க அள்ளிட்டாங்க.

தீனதயாளன்: நான் ஓட்டுறது எம்-சாண்ட் அண்ணி, கல்ல அரைச்ச மணலு. ஆத்து மணலு இல்ல.

ஜெயப்பிரியா: யாருன்னே தெரியாம ஏன் சித்தப்பா பேசணும்? கேட்டுப் பாப்போம். பேர மறைச்சி வெச்சாலும் எழுதிப் போடறதுக்கு ஒரு எடம் குடுத்திருப்பாங்க. நம்ம இங்க எழுதினா அது அவங்க மெயிலுக்குப் போயிடும். இஷ்டம் இருந்தா பதில் போடுவாங்க.

தீனதயாளன்: மரியாதயா எழுது.

ஜெயப்பிரியா: என்ன எழுதட்டும்?

தீனதயாளன்: ஐயா... நீங்க எடுத்துகினு கீற பேரு எங்க குடும்பப் பேரு... கல்லுல வெட்டினது வேணாம். அத்தச் சொன்னா ஏறி உக்காருவான்.

ஜெயப்பிரியா: அப்ப எதுக்கு அவசரம்னு கேட்டா?

தீனதயாளன்: கோயில் விசயம்னு போடு. நீங்க இன்னா கேட்டாலும் செய்யறோம்னு போடு.

ஜெயப்பிரியா: என்ன கேட்டாலுமா?

தீனதயாளன்: போடு. இப்படிக்கு தீனதயாளன், தலைவர், பூவாயி வகையறா.

ஜெயப்பிரியா: ...கேட்டாலும்... செய்கிறோம். அனுப்பட்டுமா?

தீனதயாளன்: அனுப்பு.

ஜெயப்பிரியா: அனுப்பிட்டேன்.

தீனதயாளன்: போயிட்ச்சா?

ஜெயப்பிரியா: போயிடுச்சி.

தீனதயாளன்: எப்ப பதில்... உள்ள இன்னா சத்தம் அது?

விஜயகுமாரி: ஒண்ணுமில்ல. என் போனு.

தீனதயாளன்: எடுங்களேன், யாருன்னு பாருங்க.

விஜயகுமாரி: போன் வரல. மெயிலு.

தீனதயாளன்: உங்களுக்கு மெயிலா? உங்களுக்கு எவன் போடறான்... பாப்பா. நீ ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்ற?

ஜெயப்பிரியா: பாக்குறேனே.

தீனதயாளன்: இன்னொரு தடவ அனுப்பு.

ஜெயப்பிரியா: எதுக்கு?

தீனதயாளன்: அனுப்பு சொல்றேன்.

ஜெயப்பிரியா: சரி. அனுப்பிட்டேன். கேட்டுச்சா?

தீனதயாளன்: கேட்டிச்சி. அதே சத்தம், அண்ணி போனு.

ஜெயப்பிரியா: சித்தப்பா, கல்லு வெட்டுற ஞானதாஸ் அண்ணன் போன மாசம் எனக்குப் போன் பண்ணாரு. இங்கிலீஷ் எழுத்துல சந்தேகம்னா அண்ணன் பொண்ணக் கேளுன்னு நீங்கதான் நம்பரு குடுத்தீங்களாம். கல்ல போட்டோ எடுத்து அனுப்புனாரு.

தீனதயாளன்: கேட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவன்.

ஜெயப்பிரியா: பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாங்காத பேரு, ரோட்டப் பாத்து நிக்குது. யாரு வேணா எடுத்துக்கலாம். அன்னிக்கே எடுத்துட்டோம். லட்சுமணன் பெரியப்பா கண்ணுல பட்டிருந்தா இன்னேரம் அவரு வீடியோதான் அதுல ஓடிகினு இருக்கும்.

தீனதயாளன்: கோயில காப்பாத்திகினு... என்ன இங்க ஒரு மணி நேரமா வறுத்து எடுத்திருக்க.

ஜெயப்பிரியா: டொமைனப் பத்தி நீங்க தெரிஞ்சிக்கணும்ல. கல்லப் பத்தி நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். போட்டோவ அம்மாவும் பாத்தாங்க. எல்லா பேரையும் வெரல வெச்சிகினு மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க.

தீனதயாளன்: ...சரி. நடந்தது நடந்திட்ச்சி. எங்க வூட்டுப் பொண்ணுகிட்டதான கீது, வெளில போவல. பச்சையம்மன்தான் காப்பாத்துனா. இப்ப என் பேருக்கு மாத்திடு பாப்பா.

ஜெயப்பிரியா: சைட்டு நான் கட்டித் தர்றேன் சித்தப்பா. ஆவணிக்கு முன்னாடி ரெடியா இருக்கும். பேர மாத்த எனக்கு உரிமை இல்ல. அது என் பேர்ல இல்ல. என் நம்பர்லயும் இல்ல.

தீனதயாளன்: அண்ணி... ஒண்ணுமே தெரியாதுன்னு பால் காச்சிகினு இருந்தீங்களே.

விஜயகுமாரி: பாலும் காச்சினேன் தம்பி. ஓ.டி.பி. நம்பர் வந்தா எடுத்துச் சொல்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். ஆவணிக்கு வரி வாங்க ஆளு வருவான்ல, எங்க வாசல்ல நின்னு விஜயகுமாரின்னு என் பேரு சொல்லிக் கூப்புடச் சொல்லு. அன்னிக்கே அந்தப் பேர உன் சைட்டுக்குத் திருப்பி வுட்டுடறேன். அவன் வருசா வருசம் வந்தா, நானும் வருசா வருசம் புதுப்பிச்சிகினே இருப்பேன்.